கெமராவா, கழுத்துப் பட்டியா?

தோட்டத்தில் ஒரு நாய் காணாமற்போனால் போதும், "புலி வந்திருச்சு" என்று லயமெல்லாம் (தொழிலாளர் வரிசை வீடுகளெல்லாம்) பேச்சு. வந்தது சிறுத்தை. எந்தச் சிறுத்தை என்பதுதான் கேள்வி. அதை அறிய இரண்டு வழி: தானாகப் படமெடுக்கும் கெமரா, அல்லது சிறுத்தை இருக்குமிடத்தைச் சொல்லும் கழுத்துப் பட்டி.

கெமரா வைப்பதென்றால், தேயிலைக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் முழங்கால் உயரத்தில் இரண்டை எதிரெதிரே கட்டவேண்டும். இரண்டு எதற்கு? சிறுத்தையின் இடப்பக்கப் புள்ளிகள் வேறு, வலப்பக்கப் புள்ளிகள் வேறு. ஒரு பக்கப் படத்தை மட்டும் நம்பினால் ஒரே மிருகத்தை இரண்டாக எண்ணிவிடுவோம். ஒன்றின் புள்ளி இன்னொன்றுக்கு இராது, கைரேகை மாதிரி. 2020இல் இலங்கை மலையகத்தின் நல்லதண்ணியில் சுருக்குக் கம்பியில் மாட்டி, பிறகு செத்துப்போன கருஞ்சிறுத்தை நினைவிருக்கிறதா? அப்படிப்பட்டதற்கும் இரவில் அகச்சிவப்பு ஒளியில் புள்ளி தெரியும்.

கழுத்துப் பட்டி, எந்த லயத்துக்குப் பின்னால் எத்தனை மணிக்கு நடந்தது என்பதுவரை சொல்லும். ஆனால் பிடித்து, மயக்க ஊசி போட்டு மாட்டவேண்டும். பற்றரி தீர்ந்தால் கதை முடிந்தது.

நான் கெமராப் பக்கம்தான். மூடுபனியில் லென்ஸ் வேர்க்கும். அட்டைக்கடியோடு போய்த் துடைக்கவேண்டும், அவ்வளவுதான்.