2,750 டாலர் போச்சு: வெளிநாட்டில் வாடகை கார் எடுக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

இன்று காலை வந்த மின்னஞ்சலைப் படித்ததிலிருந்து கை நடுக்கம் நிற்கவில்லை. அதனால் கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 2,750 ஆஸ்திரேலிய டாலர். நம் காசுக்கு ஒன்றரை லட்சம். நாலு நாள் வாடகையே இதில் ஆறில் ஒரு பங்குதான்.

எனக்கு பைபாஸ் ஆகி நாலாவது மாதம். விமானத்தில் போகலாம், ஆனால் பெட்டி தூக்கக் கூடாது, இப்போதைக்குக் கார் ஓட்ட வேண்டாம் என்றார் டாக்டர். மெல்பர்னில் மச்சினன் இருக்கிறான். "வாங்க மாமா, கடல் காத்துல நாலு நாள் சுத்துனா எல்லாம் சரியாயிடும்" என்று கூப்பிட்டான். அவன் காரில் அவன் குடும்பத்துக்கே இடம் சரியாக இருந்தது. சரி, நாமே ஒன்று எடுத்துக்கொள்ளலாம், மனைவி ஓட்டட்டும் என்று முடிவு செய்தோம். அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான்.

பல கம்பெனி வாடகையைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டும் இணையதளம் ஒன்றில் பதிவு செய்தேன், என் பெயரில், என் கார்டில். 'முழுப் பாதுகாப்பு' என்று ஒரு கட்டம். டிக் அடித்தால் 9,800 ரூபாய் கூடுதல். காரில் கீறல் விழுந்தாலும் உங்கள் கையிலிருந்து ஒரு பைசா போகாது என்ற பொருளில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். உடம்பு இப்படி இருக்கும்போது எதற்கு ரிஸ்க் என்று அடித்தேன்.

இரவு பதினொன்றரைக்கு கவுன்ட்டருக்குப் போனோம். அங்கே இருந்த பையனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நான் நெஞ்சைக் கையால் பிடித்தபடி நிற்பதைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான், தண்ணீர் பாட்டிலும் கொடுத்தான். ஆபரேஷன் என்றதும் தன் அப்பாவுக்கும் அதேதான் என்றான். மனைவியின் லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, "மனைவிதானே அங்கிள், ஒன்றும் பிரச்சினை இல்லை" என்றான். வண்டியைச் சுற்றிப் பார்க்கலாமா என்றதற்கு, இருட்டில் எதற்கு, சின்னக் கீறலையெல்லாம் நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை, முதலில் போய்ப் படுங்கள் என்றான். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது எனக்கு. அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே டேப்லெட்டில் விரலால் கையெழுத்துப் போட்டேன். படித்தேனா? இல்லை.

பயணம் என்னவோ அருமைதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். கிரேட் ஓஷன் ரோடு என்ற கடலோரச் சாலை, டார்க்கீ என்ற ஊரில் தொடங்கி 240 கிலோமீட்டருக்கு மேல். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919இலிருந்து 1932 வரை மலையை வெட்டிப் போட்ட சாலை. டார்க்கீயிலிருந்து போனால் கடல் நம் பக்கமே வரும். சீட் பெல்ட் தையல் போட்ட இடத்தில் அழுத்தாமல் இருக்க ஒரு குட்டித் தலையணையை நெஞ்சில் வைத்துக்கொண்டே வந்தேன். அப்பல்லோ பேயில் ராத்தங்கல் என்றதும் "அப்பா, மறுபடியும் ஆஸ்பத்திரியா?" என்றாள் மகள். பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகளைப் பார்த்தோம். பெயரில்தான் பன்னிரண்டு, 2005இல்கூட ஒன்று இடிந்து விழுந்ததாம். லாக் ஆர்ட் பள்ளத்தில் படி இறங்க முடியாமல் மேலேயே உட்கார்ந்திருந்தேன். 1878இல் அங்கே உடைந்த கப்பலில் 54 பேரில் இரண்டே பேர் பிழைத்தார்கள் என்று கீழே போய்வந்த மகள் சொன்னாள்.

திருப்பிக் கொடுத்த அன்று வேறு ஆள். பகல் வெளிச்சத்திலேயே செல்போன் டார்ச் அடித்து, குனிந்து, இடது பின் சக்கர ரிம்மில் சுண்டுவிரல் நீளக் கீறல், கதவின் கீழ் விளிம்பில் ஒரு நசுங்கல் என்று சாக்பீஸால் வட்டம் போட்டார். எடுக்கும்போதே இருந்ததா என்று எங்களுக்குத் தெரியாது. எங்கும் இடிக்கவில்லை என்று மனைவி சத்தியம் செய்கிறாள். எங்களிடம் ஒரு படம் கிடையாது. மறுநாள் கார்டில் 2,750 டாலர் எடுத்துவிட்டார்கள்.

முழுப் பாதுகாப்பு இருக்கிறதே என்று காட்டினால், அது இணையதளம் விற்றது, எங்களுக்குச் சம்பந்தமில்லை, இங்கே கட்டிவிட்டு அங்கே போய்க் கேளுங்கள் என்றார்கள். அங்கே கேட்டால் ரிப்பேர் பில் வேண்டும். கம்பெனி பில் தராது, வெறும் மதிப்பீடுதான் தருமாம். சாட்டில் ஒவ்வொரு முறையும் புது ஆள், "உங்கள் சிரமம் புரிகிறது" என்று ஆரம்பித்துப் புது டோக்கன் எண். மூன்று வாரம் இப்படியே போனது.

கடைசியில் பொறுக்க முடியாமல் இணையதளத்துக்கு ஒரு நீண்ட மடல் எழுதினேன். நான் இதய நோயாளி, வண்டியைத் தொடக்கூட இல்லை, முழுக்க என் மனைவிதான் பொறுமையாக ஓட்டினாள் என்று உருக்கமாக. இன்று காலை பதில். ஒப்பந்தத்தில் ஓட்டுநர் நீங்கள் ஒருவர்தான், ஓட்டியது வேறொருவர் என்று நீங்களே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், எனவே பாதுகாப்பு பொருந்தாது. கூடவே என் வரியையே மேற்கோள் குறியில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்! லைசென்ஸை வாங்கிப் பார்த்த அந்தப் பையன் அவள் பெயரை ஏற்றவே இல்லை. 2,750 டாலரை என் இரக்கக் கதையே விழுங்கிவிட்டது.

பத்து யோசனை விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. ஓட்டப்போகிறவர் பெயர் ஒப்பந்தத்தில் அச்சாகியிருக்கிறதா பாருங்கள், வாயால் சொன்னது செல்லாது. எவ்வளவு இருட்டானாலும் ரிம், கதவின் அடி விளிம்பு எல்லாம் சேர்த்து வீடியோ எடுங்கள். இணையதளம் விற்கும் பாதுகாப்பு என்பது நாம் முதலில் கட்டிவிட்டு அப்புறம் அவர்கள் பின்னால் அலைவது. அவ்வளவுதான்.

விக்டோரியா நுகர்வோர் துறையில் கேட்டுப் பார்க்கிறேன் என்கிறான் மச்சினன். நானோ, எனக்குக் கார்டு கொடுத்த வங்கியின் புகார்ப் படிவத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். 'நடந்ததை விரிவாக எழுதவும்' என்று ஒரு பெரிய கட்டம். ஆபரேஷனைப் பற்றி ஒரு எழுத்து எழுதக் கூடாது என்று மனைவி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.