டர்போவை மாற்றினார்கள், குளிர்விக்கும் பாகங்களுக்குப் பில் மட்டும் போட்டார்கள்

காரின் சக்தியைக் கூட்டித் தருகிற ஒரு டியூனிங் கடையில் என் வண்டியைக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். தினமும் ரோட்டில் ஓட்டுகிற வண்டிக்கு இந்த வேலையைச் செய்ய நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பேசிய வேலை இதுதான்: பெரிய டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்), அதற்கேற்ற பெரிய இன்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிர்விப்பது), ஆயில் கூலர், அதிகத் திறனுள்ள ஃபியூயல் பம்ப், கடைசியாக ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) டியூனிங். 240 குதிரைத்திறன் வண்டி 380 வரை போகும் என்றார்கள். வண்டி கைக்கு வந்தபோது டைனோ (வண்டியின் சக்தியை அளக்கும் கருவி) தாளில் அந்த எண் இருந்தது. பில்லில் எல்லாப் பாகங்களும் வரிசையாக இருந்தன.

நீளமான ஏற்றத்தில் மிதித்து ஓட்டும்போதுதான் சந்தேகம் வந்தது. முதலில் நன்றாக இழுக்கும், கொஞ்ச நேரத்தில் வண்டி சோர்ந்துபோகும். கடையில் கேட்டால், “பெரிய டர்போ, கொஞ்சம் சூடாகத்தான் செய்யும். டெம்பரேச்சர் முள் நடுவில்தானே நிற்கிறது?” என்றார்கள். இந்தப் பதிலை யாரும் நம்பாதீர்கள். பல கார்களில் அந்த முள்ளை, கூலண்ட் சூடு கணிசமாக ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படிதான் கம்பெனி அமைத்திருக்கும். அது நகர ஆரம்பிக்கும்போது ஏற்கெனவே தாமதமாகியிருக்கும். ஆயிலின் சூட்டையோ, இன்ஜினுக்குள் போகும் காற்றின் சூட்டையோ அது காட்டுவதே இல்லை.

அந்தக் காற்றில்தான் விஷயமே இருக்கிறது. 30 டிகிரி காற்றை டர்போ 1 பார் பூஸ்ட்டுக்கு (வெளிக்காற்றை விட 1 பார் கூடுதல் அழுத்தம்) அழுத்தினால் அது சுமார் 120 டிகிரிக்குப் போய்விடும். அதைத் தணிக்கத்தான் இன்டர்கூலர். அது சிறியதாக இருந்தால் முதல் சில நொடிகள் தாக்குப்பிடிக்கும், அப்புறம் அதன் உலோகமே சூடேறிவிடும். சூடான காற்று உள்ளே போனால் பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும், அதாவது நாக்கிங். அதைத் தடுக்க ஈசியூ இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும் (ஸ்பார்க்கைத் தாமதமாக்கும்), சக்தி குறையும். வண்டி சோர்ந்துபோனதற்குக் காரணம் இதுதான். டைனோவில் இது தெரியாது. அங்கே பானெட் திறந்திருக்கும், எதிரே பெரிய ஃபேன் ஓடும், ஓட்டம் சில நொடிகளில் முடிந்துவிடும்.

கடைசியில் ஒரு சிலிண்டரில் கம்ப்ரெஷன் போய்விட்டது. வேறொரு மெக்கானிக் இன்ஜினைப் பிரித்தபோது, பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையே உள்ள விளிம்பு உடைந்திருந்தது. நாக்கிங் விட்டுச்செல்கிற அடையாளம் அது. அவர் பம்பரைக் கழற்றினார். இன்டர்கூலர் கம்பெனியில் வந்த அதே பழையது. ஆயில் கூலர் இருந்த சுவடே இல்லை. டேங்கிலிருந்து எடுத்த பம்பும் பழையதுதான். சிறிய பம்ப்பால் பிரஷரைத் தாங்க முடியாவிட்டால், பெட்ரோல் அதிகம் தேவைப்படுகிற நேரத்தில்தான் கலவை மெலியும் (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இருக்காது), சூடு இன்னும் ஏறும். போதாததற்கு, டர்போ பைப்புக்கு இடம் வேண்டும் என்று ரேடியேட்டர் ஃபேனைச் சுற்றியிருக்கும் கூடான ஷ்ரவுடையும் வெட்டி எறிந்திருந்தார்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் முழுவதிலிருந்தும் காற்றை இழுக்காது. நெரிசலில் நிற்கும்போது வண்டிக்கு அந்த ஃபேனை விட்டால் வேறு கதி கிடையாது. எனக்கு மிகவும் கோபம் வந்தது இதைப் பார்த்துத்தான். பாகத்தைப் போடாமல் விட்டது திருட்டு, இருந்த பாதுகாப்பையும் பிடுங்கியதை என்னவென்று சொல்வது?

பழைய பாகங்கள் எங்கே என்று கேட்டேன், குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள். காரிலேயே இருந்தவை எப்படிக் குப்பைக்குப் போகும்? டியூன் செய்தபோது எடுத்த டேட்டாலாக்கை (சென்சார் அளவுகளின் பதிவை) கேட்டேன். “டியூன் எங்கள் சொத்து, தர முடியாது” என்றார்கள். நான் கேட்டது டியூன் ஃபைலை இல்லை. என் வண்டியில் பதிவான அளவுகளைத்தான். இப்போது போனையும் எடுப்பதில்லை. பில், படங்கள், மெக்கானிக் எழுதிக் கொடுத்த அறிக்கை எல்லாவற்றையும் வைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்க வேண்டியது டைனோ எண்ணை அல்ல. சேர்ந்தாற்போல் பல நிமிடங்கள் அழுத்தி ஓட்டிய லாக்கைக் கேளுங்கள். உள்ளே போகும் காற்றின் சூடு, கூலண்ட், ஆயில், ஃபியூயல் பிரஷர், நாக்கிங்குக்காக டைமிங் எவ்வளவு குறைந்தது, இத்தனையும் அதில் இருக்க வேண்டும். ஆயில் 130 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் கடையிலிருந்து வண்டியை எடுக்காதீர்கள். பிரேக்கையும் விட்டுவிடாதீர்கள். வேகம் இரட்டித்தால் பிரேக் விழுங்க வேண்டிய சூடு நான்கு மடங்கு, பழைய ஈரம் ஏறிய பிரேக் ஆயில் அதில் கொதித்துவிடும். பம்பரை மாட்டும் முன்பே நேரில் போய் ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுங்கள், கழற்றிய பாகங்களைக் கையோடு வாங்கி வாருங்கள். இதற்கெல்லாம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்ளாத கடைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.