ஆட்டுப் பட்டிக்கு எது பெரிய வில்லங்கம்: அபார்ட்டஸா, பெக்கோரமா?

கிளமிடியா என்றதும் மனிதருக்கு வரும் பால்வினை நோய்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது கிளமிடியா பாக்டீரியாவில் டிரக்கோமாட்டிஸ் என்ற இனம், அதை இங்கே விட்டுவிடலாம். பட்டிக்காரர் பார்க்க வேண்டியவை அபார்ட்டஸ், பெக்கோரம் என்ற வேறு இரண்டு கிளமிடியா இனங்கள். முன்பு இவற்றை, கிளி போன்ற பறவைகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் சிட்டாசியோடு சேர்த்து ஒரே பெயரில் வைத்திருந்தார்கள். 1992-இல் பெக்கோரமும் 1999-இல் அபார்ட்டஸும் தனி இனங்களாயின. இரண்டும் உயிரணுவுக்குள் புகுந்துதான் பெருகும், இரண்டையும் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து அடக்கும்.

கன்னி இன வெள்ளாடு வளர்க்கிற நான் காசையும் கவனத்தையும் அபார்ட்டஸ் பக்கமே போட்டுவிட்டேன்.

பெக்கோரம் குடலில் இருந்துகொண்டு புழுக்கையோடு வெளியேறும். பெரும்பாலான ஆடுகள் ஒன்றும் காட்டாது. சில குட்டிகளுக்குக் கண் சிவக்கும், மூட்டு வீங்கி நொண்டும். (ஆஸ்திரேலியாவில் கோலாக்களைக் குருடாக்குவதும் மலடாக்குவதும் இதுதான்.) கண் சிவக்க மைகோபிளாஸ்மா என்ற கிருமி போல வேறு காரணங்களும் உண்டு, அதனால் என் பட்டியில் கண்ட கண்நோயெல்லாம் பெக்கோரம் என்று சாதிக்க மாட்டேன்.

அபார்ட்டஸ் குறிவைப்பது நஞ்சுக்கொடியை. ஐந்து மாதச் சினையில் கடைசி இரண்டு மூன்று வாரம், நேற்றுவரை நன்றாக மேய்ந்த ஆடு திடீரென்று குட்டியைக் குறைமாதத்தில் வீசிவிடும். அந்த நஞ்சிலும் கசிவிலும் கிருமி கொட்டிக் கிடக்கும்.

என்னை முடிவெடுக்க வைத்தது கொள்முதல்தான். செவ்வாய்க்கிழமை திருநெல்வேலி மேலப்பாளையம் சந்தையில் பளபளவென்று நிற்கிற பெட்டையாடு இக்கிருமியை ஒளித்து வைத்திருக்கலாம். சினையின் கடைசிக் கட்டத்தில் தொற்றினால், அந்த ஈற்றில் ஒன்றும் ஆகாமல் அடுத்த சினையில்தான் வெடிக்கும். ரத்தம் பார்த்து வாங்கலாமே என்பீர்கள். ஒளிந்திருக்கும்போது பெரும்பாலும் ரத்தம் காட்டிக்கொடுக்காது. குட்டி வீசிய பிறகுதான் எதிர்ப்பொருள் தெளிவாக ஏறும். அதிலும் எதிர்ப்பொருளைத் தேடும் பழைய ரத்தச் சோதனையான நிரப்புப் பிணைப்புச் சோதனையில், வயிற்றில் சும்மா கிடக்கும் பெக்கோரம்கூட அபார்ட்டஸ் மாதிரி காட்டிவிடும். நோயாளி தப்பிப்பான், நிரபராதி மாட்டுவான்.

ஆகவே வெளியிலிருந்து வரும் பெட்டை ஒரு ஈற்று ஈனும்வரை தனிக் கொட்டிலில்தான். குட்டி வீசினால் நஞ்சைக் கையுறை போட்டு எடுத்து, கால்நடை மருத்துவரிடம் கொடுத்து, கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் சோதனை கேட்பேன். எங்களுக்கு ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம். குட்டி வீச வைக்கும் இன்னொரு கிருமியான புரூசெல்லாவுக்கும் சேர்த்தே பார்க்கச் சொல்ல வேண்டும். மீதியைச் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைத்துவிடுவேன், நாய் இழுக்க விடக்கூடாது. நீண்டநேரம் வேலை செய்யும் ஆக்சிடெட்ராசைக்ளின் ஊசி, குட்டி வீசுவதைக் குறைக்கும், கிருமியை முழுக்க ஒழிக்காது.

வீசிய ஆட்டை உடனே சந்தைக்கு ஓட்டுவதுதான் வழக்கம். உண்மையில் அதற்கு எதிர்ப்பு வந்துவிடுவதால், அடுத்த ஈற்று பெரும்பாலும் ஒழுங்காக நடக்கும். அதை விற்றால் நோய் அடுத்தவர் பட்டிக்குப் போகும், நமக்கோ பழகிய ஆடு போகும்.

பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் இன்னும் ஒன்று: ஈனும் ஆட்டுப் பக்கம் அவர்களை விடவே கூடாது. அபார்ட்டஸ் மனிதக் கருவையும் கலைக்கும், தாயின் உயிருக்கே ஆபத்தாகும். பெக்கோரத்தில் இந்தப் பயம் இல்லை.