சரக்கு அருமை, விழாதான் சொதப்பல்

போன சனிக்கிழமை பெங்களூர் இந்திராநகர் மெட்ரோ பக்கத்தில் ஒரு பப்பில் ஸ்டவுட் என்கிற கறுப்பு பீருக்கென்றே ஒரு நாள் விழா வைத்திருந்தார்கள். பேர் வேண்டாம், அவர்கள் காய்ச்சுகிற பீர் எனக்குப் பிடிக்கும். அங்கேயே தயாரித்த ஐந்து வகை, 899 ரூபாய்க்கு ஐந்து டோக்கன். அல்சூரில் இருக்கும் நண்பனையும் இழுத்துக்கொண்டு போனேன்.

முதல் கப்பே ஏமாற்றம். பீர் மோசமில்லை, ஆனால் பல் கூசுகிற அளவுக்குச் சில்லென்று இருந்தது. லாகரை, அதாவது வழக்கமான மஞ்சள் பீரை, அப்படிக் கொடுக்கலாம், வெயிலுக்கு இதமாக இருக்கும். ஸ்டவுட் கதை வேறு. அந்தக் கறுப்பும் காபி மாதிரியான கசப்பும் நன்றாக வறுத்த பார்லியில் இருந்து வருவது, ஐஸ் மாதிரி குளிர்ந்தால் அந்த வாசனையே மேலே எழும்பாது. 8, 10 டிகிரியாவது இருக்க வேண்டும். நல்ல டிகாக்‌ஷனைப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துக் கொடுத்தால் நம் வீட்டில் யாராவது சும்மா இருப்பார்களா? கப்பைக் கால் மணி நேரம் அப்படியே வைத்துவிட்டு மறுபடி குடித்தேன், அப்புறம்தான் சிக்மகளூர் காபிக்கொட்டை போட்டிருக்கிறார்கள் என்பதே நாக்குக்குத் தெரிந்தது. பிரமாதம். பிளாஸ்டிக் கப் என்பதால் நுரை நிற்கவில்லை, மூக்கை நுழைத்து மோந்து பார்க்கவும் வழியில்லை, அது வேறு.

மில்க் ஸ்டவுட்டும் நன்றாகவே இருந்தது. அதில் லாக்டோஸ், அதாவது பாலில் இருக்கும் சர்க்கரை போடுவார்கள். பீர் ஈஸ்ட்டால் அதைத் தின்ன முடியாது, அதனால் இனிப்பு கொஞ்சம் தங்கிவிடும். ஓட்ஸ் போட்டது வழவழவென்று இறங்கியது. மற்ற இரண்டும் சுமார்.

இதையெல்லாம் சொல்ல அங்கே ஓர் ஆள் இல்லை, எனக்கு அதுதான் பெரிய குறை. எந்தக் குழாயில் எது என்று ஒரு சீட்டுகூட ஒட்டவில்லை. பக்கத்து மேசையில் ஒருவர், கறுப்பாக இருக்கிறதே, ஏறிவிடுமோ என்று பயந்து லாகர் கேட்டார். நிறத்துக்கும் போதைக்கும் சம்பந்தமே இல்லை, கின்னஸ் டிராஃப்ட் என்கிற பிரபல ஐரிஷ் ஸ்டவுட்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான், நம் வைன் ஷாப் ஸ்ட்ராங் பீர் 8 வரை போகும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா? நானே சொன்னேன், ஒரு மாதிரி பார்த்தார்.

சாப்பாட்டுக்கு நாச்சோஸ், பீட்சா. ஒரு மட்டன் சுக்கா போட்டிருந்தால் அந்தக் கசப்புக்கு எப்படிப் போயிருக்கும்! வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டதற்கு 60 ரூபாய் பாட்டில் கொடுத்தார்கள்.

அந்தக் காபி ஸ்டவுட்டுக்காக வார நாளில் ஒரு சாயங்காலம் திரும்பப் போவேன். கண்ணாடி கிளாஸில், டோக்கன் இல்லாமல்.