ஏற்காட்டு மலைப்பாதையில் ஒரு பழைய டீசல் ஜீப்: ஆயில் லீக் தேடிய அனுபவம்

எங்கள் ஜீப் 1990களின் கடைசியில் வந்த டீசல் வண்டி. அப்பா வாங்கியது, இப்போது என் கையில். நாகலூர் பக்கத்துக் காப்பித் தோட்டத்துக்கும் சேலம் அஸ்தம்பட்டி வீட்டுக்கும் இடையில் ஓடுவதுதான் அதன் வேலை. போகும்போது உர மூட்டை, வரும்போது காப்பியோ மிளகோ. இழுவையும் மைலேஜும் அதன் வயதுக்கு நன்றாகவே இருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். இத்தனை வருடத்தில் என்னை அதிகம் மண்ணில் படுக்கவைத்தது ஆயில் லீக்தான். அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பாதையைச் சொன்னால்தான் மற்றது புரியும். அடிவாரத்தைத் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அந்த ஏற்றம் முழுக்க இரண்டாவது, மூன்றாவது கியரில்தான். வண்டியின் மூக்கு தூக்கி நிற்பதால் சேம்பரில், அதாவது இன்ஜினின் அடித்தொட்டியில், உள்ள ஆயில் பின்னால் சாய்கிறது. லோடு ஏறிச் சூடானதும் ஆயில் இளகுகிறது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் புகையும் கூடுகிறது. சேலத்துக்குள் ஜங்ஷனிலிருந்து ஐந்து ரோடு வரை ஓட்டிப் பார்த்துவிட்டு "லீக் இல்லைங்க" என்று சொல்கிற மெக்கானிக் பொய் சொல்லவில்லை. சமதரையில் உண்மையிலேயே லீக் இல்லை. அதனால் என் வண்டிக்கு டெஸ்ட் டிரைவ் என்றால் மலை ஏறி இறங்குவதுதான்.

பெரிய தொல்லை, இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் வந்த சொட்டு. அங்கே பிளைவீல் சக்கரத்தை மூடியிருக்கும் கூடான ஹவுசிங்கின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதிலிருந்து ஆயில் சொட்டினால் யாரைக் கேட்டாலும் இன்ஜினின் கிராங்க் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் பின்பக்க ஆயில் சீல் போச்சு என்பார்கள். டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பிலும் அதையேதான் சொன்னார்கள். கியர் பாக்ஸை இறக்கி, சீலை மாற்றி, பெரிய பில்லும் போட்டார்கள். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அதே இடத்தில் அதே சொட்டு. திரும்பப் போய்க் கேட்டால், பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும் என்று பதில்.

விஷயத்தைப் பிடித்தவர் ஏற்காட்டில் எஸ்டேட் ஜீப்புகளைப் பார்க்கும் ஒரு வயதான மெக்கானிக். அடியில் படுக்கவே இல்லை. பானெட்டைத் தூக்கிவிட்டு, "தம்பி, ஆயில் கீழ இருந்து மேல ஏறாது. மேல இருந்து தேடிக்கிட்டு வாங்க" என்றார். அப்புறம் சொட்டை விரலில் தொட்டு மோந்து பார்த்தார். கியர் ஆயிலாக இருந்தால் கந்தக வாடை மூக்கில் ஏறும், கொழகொழவென்றும் இருக்கும். இது கருப்பாக, கரி வாடையோடு இருந்தது. ஆகவே கியர் பாக்ஸ் சீல் இல்லை, இன்ஜின் ஆயில்தான். அந்த அரை நிமிடச் சோதனைகூடச் செய்யாமல்தான் டவுனில் கியர் பாக்ஸை இறக்கியிருக்கிறார்கள்.

அடுத்து கழுவல். இதில் பொறுமை இல்லாதவர்கள் லீக் தேடவே கூடாது. டைனமோ, செல்ப் மோட்டார் இரண்டையும் பிளாஸ்டிக் பையால் கட்டிவிட்டு, ஆறிய இன்ஜினில் டீசலைப் பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீர் விட்டு அலசி, காற்றடித்துக் காயவைத்தோம். பல வருட அழுக்கு போனதும்தான் சில போல்ட்டுகள் இருப்பதே தெரிந்தது. காய்ந்த இடத்தில் முகப் பவுடரைத் தூவினோம். அப்படியே நாகலூர் வரை ஒரு ஓட்டம். வந்து பார்த்தால் வெள்ளைக்கு நடுவே ஒரே ஒரு ஈரக் கோடு. இன்ஜினின் உச்சியை மூடும் டேப்பட் கவரின் பின் மூலையில் கிளம்பி, பிளாக்கின் முதுகு வழியாக இறங்கி, ஹவுசிங்கின் மேல் பரவி, இடுக்கில் நுழைந்து அடி ஓட்டையில் வந்து சொட்டுகிறது. சீல் அப்பாவி.

பவுடர் வாங்கவே தேவையில்லாத ஒரு வழியும் சேலத்தில் உண்டு. கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கத்தை ஒட்டிய மண் ரோட்டில் ஒரு சுற்று போய் வந்தால், ஆயில் பட்ட இடமெல்லாம் வெள்ளை அப்பிக்கொள்ளும். ஆனால் ஏர் ஃபில்டர் பாவம். நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

டேப்பட் கவருக்கு, இடுக்கை அடைக்கும் ஒரு கார்க் பேக்கிங் போட்டால் முடியும் வேலை என்று நினைப்போம். போட்டோம். சில மாதத்தில் மறுபடி ஈரம். அப்போதுதான் ஏற்காட்டு மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகாமல் சும்மா வாய்மேல் வைத்தார். மூடி குதித்தது. டீசல் இன்ஜினில் லேசாக மூச்சு விடுவது சகஜம், இப்படிக் குதிக்கக் கூடாது. இன்ஜினுக்குள் சேரும் புகையை வெளியே விடும் பிரீதர் குழாயைக் கழற்றினால் உள்ளே தார் மாதிரிப் படிந்து பாதிக்கு மேல் அடைத்திருந்தது. குக்கரில் விசில் துளை அடைத்துக்கொண்டால் ஆவி ரப்பர் வளையத்தைத் தள்ளிக்கொண்டு பக்கவாட்டில் வரும் அல்லவா, இங்கேயும் அதே கதைதான். உள்ளே அழுத்தம் ஏற ஏற, எந்தப் பேக்கிங் இளைத்திருக்கிறதோ அந்த வழியாக ஆயில் வெளியேறும். அதை மாற்றினால் அடுத்த இளைத்தவன் வழிவிடுவான். குழாயையும் அதிலிருந்த கம்பி வலையையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுத்தம் செய்து மாட்டிய பிறகு மூடி அடங்கியது. அதன்பின் போட்ட கார்க் பேக்கிங் இன்றுவரை காய்ந்தே இருக்கிறது. சீல் மாற்றச் சொல்லும் எவரிடமும் முதலில் பிரீதரைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். சுத்தம் செய்தும் மூடி குதித்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. அது வேறு செலவு.

கவர் விஷயத்தில் இன்னொன்று. லீக் ஆகிறதே என்று போல்ட்டை இறுக்கிக்கொண்டே போவது இங்கே பலருக்கும் பழக்கம். தகரக் கவர் போல்ட் துளையைச் சுற்றிக் குழிந்துவிடும், இரண்டு போல்ட்டுக்கு நடுவே மேடாகிவிடும். அந்த மேட்டில்தான் ஆயில் வரும். எங்கள் கவரை ஒரு கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தபோது ஆடியது. கட்டையில் வைத்து மெதுவாகத் தட்டிச் சமப்படுத்திய பிறகே பேக்கிங் உட்கார்ந்தது.

மற்ற லீக்குகள் சின்னவை. பில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டால், அதன்மேல் புதியது ஏறிப் பீய்ச்சி அடிக்கும், பார்த்து மாற்ற வேண்டும். ட்ரெயின் பிளக்குக்கு ஒவ்வொரு முறையும் புது வாஷர். ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சின் கனெக்டரைப் பிடுங்கினால் உள்ளே ஆயில் நின்றது, புதிது வாங்கிப் போட்டதோடு சரி.

ஒன்று மட்டும் பயமுறுத்தியது. ஒரு கோடையில் எல்லா மூலையிலும் ஒரே நேரத்தில் ஈரம். ஆனால் டிப் ஸ்டிக்கில் அளவு குறையவில்லை, ஏறியிருந்தது. கேம் ஷாஃப்டால் ஓடி டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் லிஃப்ட் பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர் டயாப்ரம் கிழிந்து, டீசல் சேம்பருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஆயில் தண்ணீராக நீர்த்ததால் எங்கெல்லாம் இடம் கிடைத்ததோ அங்கெல்லாம் கசிந்தது. லீக்கைவிட இது ஆபத்து, பேரிங் போய்விடும். டிப் ஸ்டிக்கில் டீசல் வாடை வந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பம்பைச் சரி செய்து ஆயிலையும் பில்டரையும் மாற்றியதும் பாதி ஈரம் தானாகவே நின்றது.

பயன்படுத்திய சாமான்கள் பற்றி என் அபிப்பிராயம். புற ஊதா டார்ச்சும் ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயமும் நல்ல ஜோடி. இருட்டிய பிறகு அடித்துப் பார்த்தால் லீக் மஞ்சள் பச்சையாக மின்னும். ஆனால் டீசல் இன்ஜினில் கரி கலந்து கருத்த ஆயிலில் வெளிச்சம் மங்கிவிடுகிறது. ஆயில் மாற்றிய அன்றே சாயத்தைச் சேர்த்தால்தான் காசுக்குப் பலன். அப்படியும் கழுவாத இன்ஜினில் பயனில்லை. கழுவிய இன்ஜினுக்குப் பெரும்பாலும் பவுடரே போதும். சிலிகான் பேஸ்ட் மூலைகளில் பொட்டு வைப்பதற்கு மட்டும். பற்பசை மாதிரிப் பிதுக்கினால் வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும், உள்ளே பிதுங்குவது தெரியாது. அது பிய்ந்து போய் ஆயில் உறிஞ்சும் ஜல்லடையை அடைத்தால் இன்ஜின் காலி. லீக்கை நிறுத்தும் திரவம் ஒரு பாட்டில் ஊற்றிப் பார்த்தேன். விறைத்த ரப்பர் சீலைக் கொஞ்சம் உப்பவைக்கும், அவ்வளவுதான். கார்க்குக்கும், தேய்ந்த ஷாஃப்டுக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. இரண்டாவது பாட்டில் வாங்கவில்லை.

எல்லா லீக்கையும் நிறுத்தியே ஆக வேண்டும் என்றும் இல்லை. சைலன்சர் மேனிபோல்ட் மேல் விழுவது, கிளட்ச்சில் படுவது, பிரேக் பக்கம் போவது, இந்த மூன்றும் உடனே பார்க்க வேண்டியவை. முதலாவது தீப்பிடிக்கும். கிளட்ச்சில் பட்டால் பத்தாவது வளைவில் கிளட்ச் வழுக்கும். மற்றவற்றுக்கு அளவு பார்த்தால் போதும். தோராயமாக 20 சொட்டு ஒரு மில்லி என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு ஒரு சொட்டு விழுந்தாலும் ஒரு நாளுக்கு 72 மில்லிதான். ஷெட்டில் அட்டைப்பெட்டியை விரித்து, டயர் நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து வைத்திருக்கிறேன். வண்டி எப்போதும் அதே இடத்தில் நிற்பதால் எந்தச் சொட்டு புதிது என்று பார்த்ததும் தெரிகிறது.

இப்போது மிச்சமிருப்பது சேம்பர் பேக்கிங்கின் பின் மூலையில் ஒரு ஈரம். ஏற்றத்தில் ஆயில் வந்து முட்டுகிற இடம் அதுதான். கிளட்ச் பிளேட்டும் தேய்ந்துகொண்டு வருகிறது. காப்பிப் பழம் பறிப்பு முடிந்ததும் கியர் பாக்ஸை இறக்கி இரண்டையும் ஒன்றாகச் செய்வதாகப் பேச்சு. பேக்கிங் வாங்கி வைத்தாயிற்று, மேஜை மேல் தட்டையாகக் கிடக்கிறது. ஆணியில் மாட்டினால் கார்க் கோணிக்கொள்ளும்.