கமேலியா என்று வெறும் குச்சியை விற்கிறார்கள்: ரூ.9,600 போயிற்று

செல்போன் செயலி வழியாகச் செடி விற்கும் ஓர் இணைய நாற்றுக்கடையில் கமேலியா என்ற பூச்செடியை வாங்கி ரூ.9,600 இழந்திருக்கிறேன். செடி ஒன்று ரூ.1,200 வீதம் எட்டுச் செடிகள். எட்டாவதையும் நேற்று மாலை பிடுங்கிப் பார்த்துவிட்ட ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. மலைப்பகுதியில் நிழல் தோட்டம் போட நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

வால்பாறையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரங்களும் இரண்டு பலா மரங்களும் அடர்ந்து நிற்பதால், அந்த இடத்தில் வெயில் சல்லடையில் சலித்தது போலத்தான் விழும். ரோஜாவும் செவ்வந்தியும் அங்கே பிழைப்பதில்லை. கமேலியாவுக்கோ அதுதான் ஏற்ற இடம். தேயிலையின் நெருங்கிய உறவான அந்தச் செடி, தேயிலையைப் போலவே புளிப்புத்தன்மை உள்ள மண்ணையும், ஈரம் காக்கும் இலை மக்கையும், நேர்வெயில் படாத குளிர்ந்த நிழலையும் விரும்புகிறது. மற்ற செடிகள் சோர்ந்து கிடக்கும் பனிக்காலத்திலேயே அடுக்கடுக்காகப் பூக்கிறது. குன்னூர் சிம்ஸ் பூங்காவில் அதைப் பார்த்த நாளிலிருந்து என் மனைவிக்கு அந்தப் பூவின் மேல் ஓர் ஆசை.

விளம்பரத்தை மட்டும் பார்த்து நான் நம்பிவிடவில்லை. அந்தக் கடைக்காரர் தாமே அழைத்துப் பேசினார். மரநிழல் காலையில் விழுகிறதா மாலையில் விழுகிறதா, மழைத்தண்ணீர் தேங்குமா, மண்ணில் சுண்ணாம்பு உண்டா என்று விவரமாக விசாரித்தார். வேர் மேலாகவே படரும் செடி என்பதால் ஆழமாகப் புதைக்கக் கூடாது, வேர்க்கட்டு தரைமட்டத்துக்குச் சற்று மேலே நிற்க வேண்டும், மொட்டு வைத்த பிறகு மண் காய்ந்தால் மொட்டு உதிரும் என்றெல்லாம் அவர் சொன்னது அத்தனையும் சரி. பிறகு வீடியோ அழைப்பில் மொட்டு நிறைந்த செடிகளைக் காட்டி, “உங்க ஊருக்கு இதைவிடப் பொருத்தமான செடி கிடையாதுங்க சார், தை மாசமே பூ பார்ப்பீங்க” என்றார். இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? அன்றிரவே ரூ.9,600 அனுப்பினேன்.

வந்த செடிகள் பளபளவென்று இருந்தன. தடித்த, மெழுகு பூசியது போன்ற இலைகள். நுனியில் பருத்த மொட்டுகள். இந்த மோசடியின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. கமேலியா இலை எளிதில் வாடாது. வேரே இல்லாவிட்டாலும் ஈரமும் நிழலும் இருந்தால் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். மாற்றித் தருவதற்கான கெடுவோ ஏழே நாள். கெடு கழிந்து வெகுநாள் ஆன பிறகே மொட்டுகள் பழுப்பேறி உதிரத் தொடங்கின. தேயிலை நாற்றங்காலில் பல வருடம் வேலை பார்த்த பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு செடியைப் பிடித்து லேசாக இழுத்தார். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. “ஏனுங்க, இதுல வேரே இல்லீங்களே, கவாத்துக் கத்தில வெட்டுன கொம்புங்க இது” என்றார். சாய்வாக வெட்டிய முனை கறுத்து அழுகியிருந்தது. அதைச் சுற்றிச் செம்மண்ணை உருட்டித் தேங்காய் நாரால் இறுகக் கட்டியிருந்தார்கள். எட்டும் அப்படியே.

அதன் பிறகு நடந்தவைதான் இன்னும் வயிறு எரியச் செய்கின்றன. அன்று மணிக்கணக்கில் பேசியவர் இப்போது எடுப்பதில்லை. வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண் முதலில் உங்கள் தண்ணீரில் உப்பு அதிகம் என்றார். இது மழையும் ஊற்றும் உள்ள ஊர் என்றதும், நீர் அதிகமாக ஊற்றி வேரை அழுக விட்டுவிட்டீர்கள் என்றார். இல்லாத வேர் எப்படி அழுகும் என்று கேட்டால் பதில் இல்லை. மறுமுறை வேறொருவர், பெட்டி பிரிக்கும் வீடியோ இருந்தால்தான் புகாரையே பதிவு செய்வோம் என்றார். கடைசியில், அடுத்த கொள்முதலில் ரூ.200 தள்ளுபடி தருவதாக ஒரு குறுஞ்செய்தி வந்தது. போனது ரூ.9,600, தருவது ரூ.200!

விரிவாக எழுத மனம் ஓடவில்லை. அவசியமானதை மட்டும் சொல்கிறேன். செடி வந்த அன்றே பையைக் கிழித்து வேரைப் பாருங்கள், பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். மொட்டு நிறைந்த சிறு செடியைக் கண்டு மயங்க வேண்டாம். முடிந்தால் ஊட்டி, குன்னூர்ப் பக்கத்து நாற்றுப்பண்ணைக்கு நேரில் போய் வாங்குங்கள். ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது அந்த நிறுவனத்தின் கடமை. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. நான் புகார் கொடுத்துவிட்டேன், அந்தக் குச்சிகளையும் தூக்கி எறியாமல் கட்டி வைத்திருக்கிறேன்.