மிக்ஸி சத்தம் போடும் மினி: என் 2005 கூப்பர் எஸ், பெட்ரோல், மைலேஜ்

மூன்று வருஷமாக நான் ஓட்டுவது 2005 மினி கூப்பர் எஸ், ஆறு கியர் மேனுவல். டெட்ராய்ட் புறநகரில் ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். பெயரில் உள்ள 'எஸ்'தான் விஷயம். 1.6 லிட்டர் எஞ்சினோடு, காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர் ஒன்றைச் சேர்த்து 168 குதிரைத்திறன் எடுத்திருக்கிறார்கள். காலை நன்றாக அழுத்தினால் மல்லி அரைக்கும் மிக்ஸி மாதிரி ஒரு சத்தம் எழும்பும். என் மகள் வைத்த பெயர் மிக்ஸி கார்.

வாங்குவதற்கு முன்னால் எல்லாரும் கேட்பது இரண்டே கேள்வி. மைலேஜ் எவ்வளவு? விலை கூடிய பிரீமியம் பெட்ரோல்தான் போட வேண்டுமா?

முதல் கேள்விக்கு என் டைரி பதில் சொல்லும். ஒவ்வொரு முறையும் ஃபுல் டேங்க் போட்டு மைல் எழுதி வைப்பது என் பழக்கம். ஆபீஸ், கடை, நடுவில் கொஞ்சம் ஐ-75 என்று கலந்து ஓட்டினால் 319 மைலுக்கு 11.4 கேலன். அதாவது கேலனுக்கு 28 மைல், நம் ஊர்க் கணக்கில் லிட்டருக்கு 12 கிலோமீட்டருக்குச் சற்றுக் கீழே. சிகாகோவுக்கு ஐ-94-இல் ஒரே வேகத்தில் போனபோது 31 வந்தது. ஜனவரியில் எஞ்சின் சூடாவதற்குள் பள்ளி வந்துவிடுகிற ஓட்டத்துக்கு 22. கல்லூரித் தோழி வந்திருந்த வார இறுதியில் 19. அந்த 19-க்கு நான் வருத்தப்படவில்லை.

இவ்வளவு சின்ன காருக்கு இது குறைவுதான். காரணம் எளிது என்றுதான் தோன்றும். காற்றைத் திணிக்கும் இன்னொரு கருவியான டர்போ, புகைபோக்கி வழியே வீணாகப் போகும் காற்றில் சுழல்கிறது. சூப்பர்சார்ஜரை எஞ்சினே பெல்ட் போட்டுச் சுற்ற வேண்டும். எந்நேரமும் அது பெட்ரோலைத் தின்றுகொண்டிருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மெதுவாக ஓட்டும்போது ஒரு பைபாஸ் வால்வு திறந்து காற்றைச் சுற்றிச் சுற்றி விட்டுவிடுவதால் சுமை பெரிதாகத் தெரிவதில்லை. உண்மையான நஷ்டம் வேறு இடத்தில். காற்றை அடைத்துத் திணிக்கப் போகிறோம் என்பதால் கம்ப்ரெஷனை, அதாவது எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் எத்தனை மடங்கு அழுத்தப்படுகின்றன என்ற எண்ணை, 8.3-க்கு இறக்கி வைத்திருக்கிறார்கள். சூப்பர்சார்ஜர் இல்லாத சாதா கூப்பரில் அது 10.6. ஆக, மிக்ஸி ஓடாத நேரத்திலும் எஞ்சின் கொஞ்சம் மந்தம். கியரும் குட்டையானது, 70 மைல் வேகத்தில் ஆறாவது கியரிலேயே எஞ்சின் சுற்று காட்டும் முள் 3,000-ஐ ஒட்டி நிற்கும். நெடுஞ்சாலையில் 40 வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மிதியை முழுக்க அழுத்தும்போது எஞ்சின் சூட்டைத் தணிக்கக் கூடுதல் பெட்ரோல் வேறு ஊற்றிக்கொள்கிறது. டாஷ்போர்டில் திணிக்கும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டர் கிடையாது. தேவையும் இல்லை, காது போதும்.

அடுத்து பெட்ரோல். காரின் கையேடு கேட்பது 91 ஆக்டேன்; பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவுதான் ஆக்டேன். மிச்சிகனில் பெரும்பாலான பெட்ரோல் பங்குகளில் 87 (ரெகுலர்), 89, 93 (பிரீமியம்) மூன்றும் இருக்கும்; நான் போடுவது 93. ஆனால் வாங்கிய புதிதில் ஒரு மெக்கானிக், "ரெகுலரே போதும், கம்ப்யூட்டர் பார்த்துக்கும்" என்றார். ஜூலை மாதம் இரண்டு டேங்க் 87 போட்டுப் பார்த்தேன். ஏசி ஓட, 32 டிகிரி வெயிலில், மூன்றாவது கியரில் நெடுஞ்சாலைக்கு ஏறும்போது எண்ணெயில் கடுகு வெடிப்பது போல மெல்லிய சத்தம். அதுதான் நாக்கிங், ஸ்பார்க்கின் தீ எட்டுவதற்குள் பெட்ரோல் தானாகவே வெடிப்பது. உடனே காலை எடுத்துவிட்டேன். சென்சார் அதைக் கேட்டு ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும், எஞ்சினைக் காப்பாற்றும், எல்லாம் சரி. ஆனால் பிக்கப் போய்விட்டது. இந்த வகை சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தும்போதே சூடாக்கிவிடும். அதை ஆற வைக்கும் இன்டர்கூலர் எஞ்சின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. டிராஃபிக்கில் நின்றால் அதுவும் கொதிக்கும்.

இப்போது நேர்மையான கணக்கு. ரெகுலரில் மைலேஜ் 28-இலிருந்து 26-க்கு இறங்கியது. அன்றைக்கு எங்கள் பங்கில் பிரீமியம் 4.10 டாலர், ரெகுலர் 3.25. வருஷம் 6,000 மைல் ஓட்டும் எனக்கு பிரீமியத்துக்கு 879 டாலர், ரெகுலருக்கு 750. ஆமாம், ரெகுலர்தான் மலிவு. பிரீமியம் போட்டால் மைலேஜிலேயே காசு திரும்பிவிடும் என்று சொல்பவர்கள் கணக்குப் போடவில்லை. ஆனால் மாதம் 11 டாலர் மிச்சம் பிடிக்க இருபது வயது எஞ்சினைக் கடுகு தாளிக்க விடுவதா? சூப்பர்சார்ஜரை அணைத்து வைத்தது போல ஓட்டுவதற்கு நான் சாதா கூப்பரையே வாங்கியிருக்கலாமே.

நடுவில் ஒரு தந்திரமும் செய்தேன். இரண்டு மடங்கு 93-உடன் ஒரு மடங்கு 87 கலந்தால் ஏறக்குறைய 91. கேலனுக்கு 28 சென்ட் மிச்சம். பிப்ரவரிக் குளிரில் நின்று இரண்டு முறை கார்டு தேய்த்த அன்றோடு அதை விட்டுவிட்டேன். தவறி ரெகுலர் போட்டுவிட்டால் பயப்பட வேண்டாம். பாதி டேங்க் தீரும்வரை மிதியை மென்மையாக வைத்து, அப்புறம் பிரீமியம் நிரப்பினால் போதும்.

கோயம்புத்தூரில் என் தம்பியிடம் பழைய பென்ஸ் சி 200 இருக்கிறது. அதுவும் சூப்பர்சார்ஜர்தான், ஜெர்மன்காரர்கள் பின்பக்கம் 'கொம்ப்ரெஸர்' என்று எழுதியிருப்பார்கள். "அக்கா, நீயும் 91 போடுற, நானும் வாங்கின நாள்லேர்ந்து 91தான் போடுறேன், அப்புறம் என்ன?" என்றான். அங்கேதான் சிக்கல். அமெரிக்கப் பங்கில் எழுதியிருப்பது ரிசர்ச், மோட்டார் என்ற இரண்டு ஆக்டேன் அளவுகளின் சராசரி. இந்தியாவில் எழுதுவது ரிசர்ச் அளவு மட்டும், அது எப்போதும் பெரிய எண்ணாக இருக்கும். ஊரில் நெடுங்காலமாக விற்ற சாதா 91 இங்குள்ள 87-க்குத்தான் சமம். நான் இரண்டு டேங்கில் பயந்து நிறுத்தியதை அவன் வருஷக்கணக்கில் ஊற்றியிருக்கிறான்! அங்கே விற்கும் 95, 97 ஆக்டேன் பெட்ரோல்களான எக்ஸ்பி95 அல்லது ஸ்பீட் 97 போடச் சொன்னேன்.

போட்டானாம். "வண்டி லேசா இருக்குக்கா" என்றான். மைலேஜ் எவ்வளவு என்று கேட்டால், டைரி வாங்கணும் என்கிறான்.